ஒறுக்குமுன் உசாவுக!

(தளவாய்புரத்தில் ஆசிரியரும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவார் இருவகையினர். பிரம்பு போயிற்று, ஒழுங்கும் அதனோடு போயிற்று என்பார் ஒரு சாரார். பிள்ளையைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லலாகாது என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஓயாது வழக்காடுகின்றனர். வழக்காடும் விரைவில் இருவருமே ஒருவனை மறந்துவிடுகின்றனர். வகுப்பின் கடைசி வரிசையில், சுவரோரமாக அமர்ந்திருக்கின்றானே ஒரு மாணவன், அவனைத்தான் மறந்துவிடுகின்றனர். அவனை அடிப்பதா, விடுவதா என்று கேட்பார் பலர். அவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பார் மிகச் சிலர். அந்தக் கேள்வியை முன்வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

எட்டாம் வகுப்பில் பயிலும் பையன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். முதற் பாடவேளையிலேயே தலை சாய்த்து உறங்குகின்றான். வீட்டுப்பாடம் எழுதி வருவதில்லை. கதவு படீரென அடைபட்டால் துணுக்குற்று எழுகின்றான். பின்னிருந்து ஒருவன் விளையாட்டாகத் தோளைத் தொட்டால், திரும்பிப் பார்க்குமுன்னே கை ஓங்கிவிடுகின்றான். ஆசிரியர் குரல் உயர்த்தினால் கல்லாய்ச் சமைந்து நிற்கின்றான். கேட்டதற்கு விடை சொல்வதில்லை. ஆசிரியர் குறிப்பில் அவனுக்கு நான்கு பெயர்கள் ஏறிவிடுகின்றன: சோம்பேறி, முரடன், திமிர் பிடித்தவன், படிப்பு ஏறாதவன். அந்நான்கு பெயரும் அவன் செய்கையைக் குறித்தனவே அன்றி அவனைக் குறித்தன அல்ல. முன்னாள் இரவு அவன் வீட்டில் நிகழ்ந்தது எதுவும் அக்குறிப்பில் இல்லை. குடித்து வந்த தந்தை தாயை அடித்ததும், அவன் குறுக்கே விழுந்து தடுத்ததும், விடியும்வரை தங்கையை மடியிற் கிடத்தி விழித்திருந்ததும் எவர் குறிப்பிலும் ஏறுவதில்லை.

நன்னூல் விலக்கியோர்

தமிழில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இலக்கணம் வகுத்த நூல்களுள் தலைசிறந்தது பவணந்தியாரின் நன்னூல். நல்லாசிரியரை நிலத்தோடும் மலையோடும் துலாக்கோலோடும் மலரோடும் அந்நூல் ஒப்பிடுகின்றது. எவ்வளவு தோண்டினும் பொறுக்கும் நிலத்தை முதற்கண் வைத்தமை கருதத்தக்கது. மாணவரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனத் தரம் பிரித்தும் காட்டுகின்றது.

அதே நன்னூல், யார் யார்க்குக் கல்வி கற்பித்தலாகாது என்றும் ஒரு பட்டியல் தருகின்றது. உறங்குபவன், சினமுடையவன், பிணக்குச் செய்பவன், நோயாளி, மந்தன், நூலுக்கு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தன் ஆகியோர் அதில் இடம் பெறுகின்றனர். ஆசிரியரைத் தேடி மாணவர் சென்று, ஆசிரியர் தேர்ந்தெடுத்துக் கற்பித்த காலத்து நூல் அது. வேண்டாதவனை வாயிலிலேயே நிறுத்திவிட அன்றைய ஆசிரியரால் இயன்றது.

இற்றைநாள் அரசுப் பள்ளிக்கு அந்த உரிமை இல்லை, இருத்தலும் ஆகாது. 6 அகவை முதல் 14 அகவைவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றிக் கட்டாயக் கல்வி தரவேண்டும் என்னும் சட்டம் 2009-இல் இயற்றப்பெற்று, 2010 ஏப்பிரல் முதல் நடைமுறையில் உள்ளது. உறங்குபவனும் வருவான், சினமுடையவனும் வருவான், அஞ்சித் தடுமாறுபவனும் வருவான். நன்னூலார் வாயிலுக்கு வெளியே நிறுத்திய அத்தனை பேரையும் உள்ளே அமர்த்திக் கற்பிக்கும் கடமை இன்றைய ஆசிரியர் தோளில் ஏறியிருக்கின்றது. பழைய ஆசிரியர்க்குத் தேவைப்படாத ஒரு கேள்வி ஆகலின் இவர்க்குத் தேவைப்படுகின்றது: இவன் ஏன் உறங்குகின்றான்? இவன் ஏன் சினக்கின்றான்? பட்டியல் பழையது, கேள்வி புதியது.

வடு என்னும் சொல்

இளம்பருவத்தில் உள்ளத்தில் பட்டு, நெடுநாள் ஆறாது நிற்கும் ஊற்றினைத் தமிழில் மனவடு என்பர். இதனினும் பொருத்தமான சொல் வேறொன்று இல்லை. தீயினால் பட்ட புண்ணுக்கும் சொல்லினால் பட்ட புண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்ந்து, பின்னதைக் கூறுங்கால் வடு என்னும் சொல்லை ஆண்டவர் திருவள்ளுவர். உடற்புண் ஆறிவிடும், உட்புண் ஆறாது என்று அவர் கண்ட உண்மையை மருத்துவ அறிவியல் மிகப் பிற்காலத்தே ஆராய்ந்து நிறுவியிருக்கின்றது.

மூளையின் உட்புறத்தே வாதுமைக் கொட்டை வடிவில் ஒரு சிறுபகுதி உண்டு. அமிக்டலா என்று மருத்துவர் அதனைக் கூறுவர். அச்சத்தை உணர்ந்து உடலை எழுப்பும் காவற்காரன் அது. புலி எதிர்ப்பட்டால் ஓடவோ, எதிர்க்கவோ, அசையாது நிற்கவோ உடலை அது ஆயத்தப்படுத்துகின்றது. நெஞ்சு விரைந்து துடிக்கும். கார்ட்டிசால் முதலிய சுரப்புநீர்கள் குருதியில் மிகும். புலி அகன்றபின் காவற்காரன் அடங்கிவிட வேண்டும். நாள்தோறும் வீட்டிற்குள்ளேயே புலி இருந்தால் அவன் அடங்குவது எங்ஙனம்? அடிபட்டும் அடிபடக் கண்டும் வளர்ந்த பிள்ளையின் உள்ளே அக்காவற்காரன் இரவும் பகலும் விழித்திருக்கின்றான். கதவோசைக்கும் எழுகின்றான்; ஆசிரியரின் உயர்ந்த குரலுக்கும் எழுகின்றான்.

நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையே எண்ணிப் பார்ப்பதற்கும் அடக்கிக் கொள்வதற்கும் உரிய இடம். அச்சம் மேலோங்கும் நேரத்தில் அதன் பணி தளர்ந்துவிடுகின்றது. அந்நேரத்தில் 'ஏன் அடித்தாய், சொல்!' என்று அதட்டினால் பையனால் விடை சொல்ல இயலாது. மறைத்து நிற்பதாக ஆசிரியர் எண்ணுகின்றார். சொல்லும் வலி இழந்து நிற்கின்றான் அவன். அதன்மேல் விழும் அடி அவன் உள்ளத்துக்குப் பாடம் ஆவதில்லை. 'இங்கும் புலி உண்டு' என்னும் ஒன்றையே அவன் கற்றுக்கொள்கின்றான்.

அமெரிக்க நாட்டில் வின்செண்டு பெலிட்டி, இராபர்ட்டு ஆண்டா என்னும் மருத்துவர் இருவர் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்தம் இளமைக்காலத் துன்பங்களைக் கேட்டறிந்தனர். அடி, வசை, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, தாய் அடிபடக் காணுதல், வீட்டில் குடிகாரரோ உளநோயாளரோ சிறைப்பட்டவரோ இருத்தல், பெற்றோர் பிரிவு என அவற்றை வகைப்படுத்தினர். முதற்கட்ட முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. கேட்கப்பட்டோருள் மூவரில் இருவர் இவற்றுள் ஒன்றையேனும் பட்டிருந்தனர். பட்ட வகைகள் மிக மிகக் குடிப்பழக்கமும், மனச்சோர்வும், தற்கொலை முயற்சியும், நெஞ்சுநோயும் படிப்படியாக மிகுந்திருக்கக் கண்டனர். அங்குக் கேட்கப்பட்டோர் பெரும்பாலும் வறியரல்லர். மருத்துவக் காப்புடைய நடுத்தரக் குடியினர். வளமுற்றோர் நிலையே இதுவாயின், அன்றாடக் கூலிக் குடியிற் பிறந்த பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஊரறிந்த அலையும் வீட்டினுள் எழும் அலையும்

2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென அரசு இல்லங்கள் திறந்தது. பெங்களூரிலுள்ள மனநல, நரம்பியல் நிறுவனத்தார் தமிழகம் வந்து, பிள்ளைகளின் உளத்துயரைக் கையாளும் முறையைத் தொண்டர்களுக்குக் கற்பித்தனர். அலையோசை கேட்டால் நடுங்கும் பிள்ளையை, கடற்கரைப் பக்கம் போக மறுக்கும் பிள்ளையை எவரும் கோழை என்று ஏசவில்லை. வீட்டுப்பாடம் எழுதாது வந்த பிள்ளையின் கையில் பிரம்பால் அடிக்க எந்த ஆசிரியர்க்கும் மனம் வராது. ஏன்? அப்பிள்ளைக்கு நேர்ந்தது இன்னது என்பதை உலகமே அறிந்திருந்தது.

ஒரே வீட்டினுள், ஓர் இரவில் எழும் அலையோ எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. செய்தித்தாளில் அது வருவதில்லை. அமைச்சர் அதனைப் பார்வையிட வருவதில்லை. அவ்வலையிற் சிக்கிய பிள்ளையும் காலை 9 மணிக்குச் சீருடை அணிந்து வகுப்பில் வந்து அமர்கின்றது. முன்னைப் பிள்ளைக்கு இரக்கம். பின்னைப் பிள்ளைக்குப் பிரம்பு. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு, ஆசிரியர் அறிந்தார் என்பதும் அறியார் என்பதுமே.

கடலுக்கு அப்பாலும் இவ்வுண்மை கண்டறியப்பெற்றது. போர் சூழ்ந்த ஈழத்தில் பிள்ளைகள் பட்ட உளப்புண்களை நெருங்கி ஆராய்ந்தவர் யாழ்ப்பாணத்து உளநோய் மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1998-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலுக்கு வடுப்பட்ட உள்ளங்கள் எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார். வள்ளுவர் ஆண்ட அதே வடு! 1983 முதல் தமிழகம் போந்த ஈழத்தமிழர் வாழும் முகாம்கள் விருதுநகர் மாவட்டத்திலும் உள்ளன. அங்கிருந்து வரும் பிள்ளைகள் இன்று போரைக் கண்டவர் அல்லர். போரைக் கண்டவர்தம் மடியில் வளர்ந்தவர்.

இம்மாவட்டத்துப் புண்கள்

ஈழத்துக்கும் நாகைக்கும் செல்ல வேண்டுவதில்லை. இம்மாவட்டமே போதும். மேற்கே மலையடிவாரத்தில் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். கிழக்கே சிவகாசியும் சாத்தூரும். தளவாய்புரத்தில் நைட்டி என வழங்கும் பெண்டிர் இரவு உடை தைக்கும் தொழில். சத்திரப்பட்டியில் மருத்துவத்துணி நெசவு. இராசபாளையத்தில் நூற்பாலை. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும். உழைப்புக்கு இம்மக்கள் அஞ்சியவர் அல்லர். உழைப்பே இவர்தம் பிள்ளைகளின் இளமையை நெடுங்காலம் விழுங்கியும் வந்தது.

தீப்பெட்டிக் குச்சி அடுக்கிய சிறு விரல்களை உலகறியும். விடியுமுன் பேருந்து வந்து பிள்ளைகளை அள்ளிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. அது குறித்த வழக்கில் 1996 திசம்பர் 10-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. இடர்மிக்க தொழிலில் பிள்ளையை அமர்த்திய முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 உருபா வீதம் இழப்பீடு கட்டவேண்டும் என்றது. அன்று குச்சி அடுக்கிய பிள்ளைகளே இன்றைய மாணவர்களின் பெற்றோர். சில வீடுகளில் பாட்டன் பாட்டியர். மேற்பார்வையாளனிடம் அடிபட்டு வளர்ந்தவர் அடியையே வளர்ப்பு முறையாகக் கொண்டதில் வியப்பு என்ன? "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் ஐயா" என்று பிள்ளையைப் பள்ளியில் ஒப்படைத்த தந்தையின் சொல்லை, அவன் தந்தையும் சொல்லியிருப்பான்.

பட்டாசாலைகளின் வெடி நேர்ச்சிகளோ இன்னும் ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அந்நாள் ஆசிரியர் நாள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பள்ளிகளில் பிள்ளைகள் ஆசிரியர்க்கு மலர் கொடுத்து வாழ்த்திய நாளில் அவ்வெடி எழுந்தது. 2021 பிப்பிரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தந்தையை இழந்த பிள்ளைகள், தாயை இழந்த பிள்ளைகள், சில வீடுகளில் இருவரையுமே இழந்த பிள்ளைகள். பட்டாசு நேர்ச்சியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். நன்று, மிக நன்று. கட்டணத்தை அரசு செலுத்தும். தீபாவளி வெடியோசையில் உடல் நடுங்கும் அப்பிள்ளையின் உள்ளத்தை யார் பார்ப்பது? அவன் எதிரே நாள்தோறும் நிற்கும் பெரியவர் ஆசிரியர் ஒருவரே.

இவற்றோடு சாதி என்னும் கொடும்புண் ஒன்றும் உண்டு. 2023 ஆகத்து 9-ஆம் நாள் நாங்குநேரியில் மேல்நிலை வகுப்பு மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீட்டினுள் வைத்து வெட்டப்பட்டனர். வெட்டியவர் உடன்பயின்ற மாணவரே. சாதியின் பெயரால் அவனைத் துன்புறுத்தியமை குறித்துப் புகார் சொன்னதே கரணியம். அதற்குமுன் அவன் பள்ளிக்கு வாராது ஒதுங்கியிருந்தான். மட்டம் போட்டவன் என்று எளிதில் பெயர் சூட்டத்தக்க நிலை அது. கேட்டபின்னரே அந்த வாராமைக்குப் பின்னிருந்த அச்சம் வெளிப்பட்டது. இதில் இரண்டு படிப்பினைகள் உள. வாராமையும் ஒரு மொழி என்பது ஒன்று. கேட்டால் மட்டும் போதாது, கேட்டபின் காக்கவும் வேண்டும் என்பது மற்றொன்று. இந்நிகழ்ச்சிக்குப்பின் அமைக்கப்பெற்ற நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. மாணவர் தொகை 500-க்கு மேற்பட்ட பள்ளிகளில் மாணவர் நல அலுவலரை அமர்த்த வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

ஆசிரியர் தரப்பு

இவ்விடத்து ஆசிரியர் சிலர் உள்ளத்தே ஒரு மறுப்பு எழும், எழுதல் முறையே. "அடியாத மாடு படியாது என்பது பழமொழி. அடிபட்டுப் படித்தவர்தாமே இன்று உயர்ந்து நிற்கின்றனர்? ஒருவன் துயரைக் கேட்டுக்கொண்டிருந்தால் மற்ற நாற்பது பேர்க்குப் பாடம் நடத்துவது யார்?" என்பது அம்மறுப்பு.

மாட்டுக்குச் சொன்ன பழமொழியை மகனுக்குச் சொல்வது முறையன்று என்பது முதல் விடை. அடிபட்டு உயர்ந்தோர் எழுந்து நின்று பேசுகின்றனர். அடிக்கு அஞ்சிப் படிப்பை விட்டு ஓடியோர் பேசுவதற்கு மேடை ஏறுவதில்லை என்பது இரண்டாம் விடை. திண்ணைப் பள்ளியில் உத்தரத்துக் கயிற்றில் பிள்ளையைத் தொங்கவிடும் கோதண்டம் என்னும் ஒறுப்பு ஒருகாலத்தில் இருந்தது. அதனைக் கண்டு ஓடிப் போனவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை.

மூன்றாவது மறுப்பை எளிதில் தள்ளுதல் இயலாது. ஆசிரியரும் ஊறு பட்டிருக்கின்றனர். 2012 பிப்பிரவரி 9-ஆம் நாள் சென்னையில் ஆசிரியை ஒருவர் வகுப்பறையிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவனால் குத்திக் கொல்லப்பட்டார். அவ்வச்சம் இன்றும் பல ஆசிரியர் நெஞ்சில் உண்டு. சட்டமோ பிரம்பை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-இல் திருத்தப்பெற்று, மாணவர் உடலுக்கும் உள்ளத்துக்கும் நோவு தரும் ஒறுப்புகள் தடுக்கப்பட்டன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் அவற்றைத் தடை செய்கின்றது. தடையை முறையாக நடைமுறைப்படுத்துமாறு 2024 ஏப்பிரலில் சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது. பிரம்பை எடுத்துக்கொண்ட கை, அதற்கு மாற்றாக ஆசிரியர் கையில் வைத்தது என்ன? வகுப்புக்கு இத்தனை பிள்ளைகள் என்னும் சுமை குறையவில்லை. பயிற்சி பெற்ற உளத்துணைவர் எல்லாப் பள்ளிக்கும் வரவில்லை. வெறுங்கையோடு நிற்கும் ஆசிரியர், அடியை விட்டு வசையைக் கையில் எடுக்கின்றார். "நீ உருப்பட மாட்டாய்", "உன் அப்பனைப் போலத்தானே இருப்பாய்" என்னும் சொற்கள் பிரம்பினும் ஆழமாகப் பாய்கின்றன. நாவினால் சுடுவதும் அச்சட்டத்தின்படி குற்றமே, வள்ளுவத்தின்படியும் குற்றமே.

ஒறுத்தலை அடியோடு விடுக என வள்ளுவரும் கூறவில்லை. வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்தில், தக்கவாறு ஆராய்ந்த பின்னரே குற்றத்துக்கு ஏற்ப ஒறுக்கவேண்டும் என்று வகுத்தார். அந்த ஒறுப்பு, குற்றம் மீண்டும் நிகழாவண்ணம் செய்வதாக அமையவேண்டும் என்றும் கூறினார். மருந்து என்னும் அதிகாரத்திலோ நோயை மட்டும் பாராது அதன் முதலையும் பார்க்கச் சொன்னார். அரசனுக்குச் சொன்ன அறமும் மருத்துவனுக்குச் சொன்ன அறமும் ஆசிரியரிடத்து வந்து ஒன்றாகின்றன.

பிறநாட்டுப் பள்ளி ஒன்று

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் கொள்கை அன்று என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் வாலா வாலா என்னும் ஊரில் இலிங்கன் உயர்நிலைப் பள்ளி இருக்கின்றது. பிற பள்ளிகளில் நிலைக்காத பிள்ளைகள் வந்து சேரும் பள்ளி அது. சிம் சிபோர்லெடர் என்னும் தலைமையாசிரியர், பெலிட்டியும் ஆண்டாவும் கண்ட உண்மைகளைக் கேள்வியுற்று, 2010-இல் பள்ளியின் ஒழுங்குமுறையையே மாற்றினார். வசைமொழி பேசிய மாணவனை உடனே வெளியே அனுப்பும் வழக்கத்தை விட்டார். அவனைத் தனியே அமர்த்தி, சினம் அடங்கும்வரை காத்திருந்து, 'என்ன நேர்ந்தது?' என்று கேட்கும் வழக்கத்தைக் கொணர்ந்தார். 2009-2010 கல்வியாண்டில் அப்பள்ளி மாணவர் தண்டனையால் வெளியே நிறுத்தப்பட்ட நாள்கள் 798. அடுத்த ஆண்டில் அவை 135-ஆகக் குறைந்தன. பள்ளியைவிட்டே நீக்கப்பட்டோர் 50-இலிருந்து 30-ஆகக் குறைந்தனர். தவறுக்கு விளைவு இல்லை என்று அவர் ஒருநாளும் கூறவில்லை. தவறு செய்தவன் பள்ளிக்குள்ளேயே இருந்து அதனைச் சரிசெய்ய வேண்டும் என்றார்.

ஆற்றுப்படுத்தல்

உளத்துயர் கேட்டு வழிகாட்டுவாரை இன்று ஆற்றுப்படுத்துநர் என்று தமிழில் வழங்குகின்றோம். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். வள்ளலைக் கண்டு வறுமை தீர்ந்தவன், வழியில் எதிர்ப்பட்ட வறியவனைப் பார்த்து, 'இவ்வழியே செல்க' என்று காட்டுவது ஆற்றுப்படை. அதில் வறியவனை அவன் எள்ளி நகையாடுவதில்லை. அவன் பட்ட பாட்டைத் தானும் பட்டவனாகலின் அறிந்து பேசுகின்றான். வழி என்னும் பொருளுடைய ஆறும், துயர் தணித்தல் என்னும் பொருளுடைய ஆற்றுதலும் அச்சொல்லில் ஒருங்கே ஒலிக்கின்றன.

பெருஞ்செலவின்றி ஆசிரியர் செய்யத்தக்கன சில உள.

ஒன்று: சினம் இருபாலும் மேலோங்கியிருக்கும்போது உசாவற்க. தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சற்றே வெளியே அமர்த்துக. பத்து மணித்துளி சென்றபின் கேட்கும் கேள்விக்கே விடை வரும்.

இரண்டு: வகுப்பு நடுவே கேளற்க. பிறர் பார்வை படும் இடத்தில், பிறர் செவி படாவண்ணம், மரத்தடியிலோ தாழ்வாரத்திலோ கேட்க. "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதற்கு முன், "உனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்க. விடை சொல்லாவிட்டால் வற்புறுத்தற்க. "சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது வா" என்று விடுக. அந்த ஒரு சொல்லே பல நாள் அவன் நெஞ்சில் நிற்கும்.

மூன்று: தவறுக்கு விளைவு உண்டு என்பதை மாற்றற்க. மேசையை உடைத்தவன் அதனைச் செப்பனிட உதவட்டும். அடித்தவன் அடிபட்டவனிடம் சென்று தவறுணர்ந்து பேசட்டும். கட்டுப்பாடு இல்லாத வகுப்பு, வடுப்பட்ட பிள்ளைக்கே முதலில் அச்சம் தரும். இன்ன செயலுக்கு இன்ன விளைவு என்று நாள்தோறும் மாறாதிருக்கும் ஒழுங்குதான் அவனுக்கு நிழல். வீட்டில் எந்நேரம் என்ன நேரும் என்று அறியாதவன், பள்ளியிலேனும் அதனை அறியட்டும்.

நான்கு: கேட்டதைப் பிற ஆசிரியர் அறையில் பேசு பொருளாக்கற்க. பாலியல் கொடுமை என்று அறிந்தாலோ மறைத்தலும் ஆகாது. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதனைக் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ அறிவித்தல் கட்டாயம். குழந்தைகள் உதவிக்கு 1098, மாணவர் உதவிக்கு 14417 என்னும் தொலைபேசி எண்கள் உள. அவற்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க.

ஐந்து: ஆசிரியர் மருத்துவர் அல்லர். ஆறாத புண் என்று தோன்றினால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்புக. அனுப்புவது பைத்தியம் என்று முத்திரை குத்துவது அன்று எனப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பதும் ஆசிரியர் கடனே.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை பள்ளியில் அடங்க வேண்டுமாயின் வீடு அடங்க வேண்டும். ஆசிரியர் அழைத்தால், அடிக்க ஓர் ஆள் கிடைத்தது என்று பிள்ளையை அங்கேயே அறையாதீர்கள். அறைந்துவிட்டால் ஆசிரியர் மறுமுறை உங்களை அழைக்க அஞ்சுவார். பிள்ளை மறுமுறை உண்மை சொல்ல அஞ்சும்.

காமராசர் காட்டிய வழி

விருதுநகரிற் பிறந்த காமராசர் 1956-இல் பள்ளிகளில் பகலுணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கினார். பசித்த வயிற்றில் எழுத்து ஏறாது என்பதை அவர் கண்டார். 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. காலை உணவின்றி வரும் பிள்ளை முதற் பாடவேளையிலேயே சோர்ந்து விழுவதைக் கண்டு, 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. ஒரு காலத்தில் சோம்பேறி என்று அடிபட்ட பிள்ளை, உண்மையில் பசித்த பிள்ளை என்பதை நாடு உணர்ந்துகொள்ள இத்தனை ஆண்டுகள் ஆயின. உணர்ந்தபின் பிரம்பு செய்ய இயலாததைச் சோறு செய்தது. இன்று முரடன் என்று அடிபடும் பிள்ளை, அஞ்சிய பிள்ளை என்பதை உணரவும் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா?

அரசுப் பள்ளி ஏழையின் பள்ளி. தமிழில் கற்பிக்கும் பள்ளி. பணம் உள்ளவன் பிள்ளைக்கு ஒரு பள்ளி ஒவ்வாவிட்டால் மற்றொரு பள்ளி உண்டு. இப்பிள்ளைக்கு வேறு பள்ளி இல்லை. இவ்வாயிலில் அடிக்கு அஞ்சித் திரும்பினால் அவனுக்குத் திறந்திருப்பவை பட்டாசாலை வாயிலும் குடிக்கடை வாயிலுமே. அவ்வாயில்களில் எவரும் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கமாட்டார்.

நாளை காலை மணி அடிக்கும். கடைசி வரிசையில் அவன் தலை சாய்த்திருப்பான். அவன் அருகே செல்லும் ஆசிரியர் கையில் பிரம்பு இராது. சட்டம் அதனை வாங்கிவிட்டது. நாவில் வசையும் இராதொழிக. குனிந்து, தாழ்ந்த குரலில், "தம்பி, இரவு தூங்கவில்லையா?" என்று அவர் கேட்கட்டும். அவன் அன்று விடை சொல்லாமற் போகலாம். மறுநாள் மீண்டும் கேட்கட்டும்.